இடது கை அரிவாள்

அத்தியாயம் 6

இரும்புக் கம்பி இசக்கிராஜின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. செங்கல் தூள் பறந்து அவன் கண்ணில் விழுந்தது.

"எக்கா! சோப்புச் சந்துல நாம தேடி வந்த இடம் இதுதான். மரியாதை பலமா இருக்கு!" என்று கத்திக்கொண்டே அவன் குனிந்தான்.

அடுத்த வீச்சு தோளில் இறங்கியது. இசக்கிராஜ் நிலைதடுமாறிப் பின்னால் சாய்ந்தான். அவனுடைய முன்கை உலையின் விளிம்பில் பட்டது. மயிரும் தோலும் பொசுங்கும் நாற்றம் அந்தத் தகரக் கொட்டகை முழுக்கப் பரவியது. அவன் போட்ட அலறலில் கம்பி வைத்திருந்தவனே ஒரு நொடி திகைத்து நின்றான்.

வந்தனாவுக்கு அந்த ஒரு நொடி போதும். பக்கத்தில் கிடந்த செப்புக் கம்பிச் சுருளைத் தூக்கி அவன் முழங்காலைப் பார்த்து வீசினாள். அவன் முகம் குப்புற விழுந்தான். எழுவதற்குள் அவள் முழங்கால் அவன் முதுகில் இருந்தது; அவன் கை பின்னால் முறுக்கப்பட்டிருந்தது.

"பைசான்தானே நீ?"

"மார்னா ஹை தோ மார் டாலோ!" என்று அவன் தரையில் எச்சிலும் ரத்தமுமாகக் கத்தினான். "கொன்னுடுங்க! ஓடி ஓடி ஓஞ்சுட்டேன், தக் கயா மை!"

"கொல்ல வரலே. நாங்க போலீசும் இல்லே. எழுந்து உட்காரு. திரும்பவும் கம்பியை எடுத்தேன்னா இந்தக் கை தோளோடு வந்துடும்."

மாட்டுங்காவில் வந்தனாவைத் தெரியாதவர்கள் குறைவு. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போய், ரயில் நிலையத்துக்கு எதிரே பூக்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவள். இசக்கிராஜ் அவளுடைய உதவியாளன். தாராவிக்காரன். ஸ்கூட்டர் ஓட்டுவான், பூட்டுத் திறப்பான், வாயை மட்டும் மூட மாட்டான்.

இப்போது அவர்கள் கையில் இருந்தது மாரீஸ்வரனின் கொலை.

மாரீஸ்வரன் மாட்டுங்காவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவர். போன வாரம் ஒரு சாயங்காலம், கடையின் பின்னறையில் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தார். கடைசியாக அந்தக் கடையிலிருந்து வெளியே போனவன் பழைய செம்பு வியாபாரம் பார்க்கும் பைசான் என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார். மாரீஸ்வரனின் மனைவி பொன்செல்வியும் போலீசிடம் அவன் பெயரைத்தான் சொன்னாள். பைசான் அன்று முதல் தலைமறைவு. போலீஸ் மெதுவாகத் தேடுவதாக நினைத்துப் பொன்செல்வி வந்தனாவிடம் வந்தாள். "அவன் கெடைச்சா மொதல்ல எங்கிட்ட காட்டுங்க. அந்தக் கைய வெட்டிட்டு அப்புறம் போலீசுக்குக் குடுக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தக் கை இப்போது வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. பைசானுடைய உதடு ஏற்கனவே கிழிந்திருந்தது. சட்டைக்குள் விலா எலும்பைச் சுற்றித் துணி கட்டியிருந்தான்.

"யார் அடிச்சது?"

"ரோட்டுல பார்த்தவங்க எல்லாரும். கூனி, கூனி, கொலைகாரன்னு துரத்தினாங்க. மாமாவோட கொட்டாய் இது. ஜும்மாவுக்கு எல்லாரும் லீவு. உலை அணையாம பாத்துக்கிட்டு நான் மட்டும் உள்ள பூட்டிக்கிட்டு இருக்கேன்." தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழும் இந்தியும் அவன் வாயில் ஒன்றாகவே வந்தன. "நான் கொல்லல மேடம். கசம் சே, சத்தியமா. மாரி அண்ணாச்சிய நான் ஏன் கொல்லணும்? எனக்குப் படம் குடுத்த ஆளு."

"என்ன படம்?"

இசக்கிராஜ் தண்ணீர்த் தொட்டியில் கையை முக்கியபடி, "எனக்கும் ஒரு படம் குடுத்துருக்கான்க்கா. கண்ணுக்குள்ள கலர் கலரா ஓடுது" என்றான்.

பைசான் சொன்னான். குர்லாவில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது சாமான்களை மொத்தமாக எடுத்திருக்கிறான். அதில் ஒரு செப்புத் தகடு. உருக்கப் போட்டிருந்தால் அரை நாள் கூலிக்குக்கூட ஆகாது. ஆனால் அதில் மயிரிழை மாதிரி கோடு கோடாக என்னவோ செதுக்கியிருந்தது. உலையில் போட மனம் வராமல் மாரீஸ்வரனிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

"அண்ணாச்சி அதப் பார்த்ததும் வேலைய எல்லாம் நிறுத்திட்டாரு. வெள்ளைக்காரன் நாட்டுப் படம், நூத்தம்பது வருஷத்துக்கு மேல இருக்கும்னாரு. செம்பு மேல மெழுகு பூசி, ஊசியால வரைஞ்சு, ஆசிட்ல போட்டா கோட்டை மட்டும் அரிச்சிடுமாம். பின்னறையில ஒரு பழைய உருளை மிஷின் வெச்சிருந்தாரு இல்ல? தகட்டுல மைய அப்பித் தொடச்சு, ஈரக் காகிதத்தை மேல போட்டு உருட்டினாரு. காகிதத்தை உரிச்சு எடுத்தப்ப..." பைசான் நிறுத்தினான். "அண்ணாச்சி அத ரொம்ப நேரம் வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் அத எனக்கே குடுத்துட்டாரு. உலையில போடாம கொண்டு வந்தவன் நீதான், மொத காப்பி உனக்குன்னாரு."

"மத்த காப்பியெல்லாம்?"

"வேற காப்பியே இல்ல. ஒண்ணுதான் அடிச்சது. நாளைக்கு உளிய வெச்சுத் தகட்டுக்குக் குறுக்க கோடு கிழிச்சிடுவேன்னாரு. இல்லன்னா எவனாவது இதுல ஆயிரம் அடிச்சு, எல்லாம் பழங்காலத்துப் படம்னு ஊரை ஏமாத்துவான்னாரு."

"அப்புறம்?"

"நம்ம ஆளு ஒருத்தன் வரான், ஷட்டரைப் பாதி திறந்தே விட்டுட்டுப் போன்னாரு. நான் வந்துட்டேன். காலையில பார்த்தா என் போட்டோவ வெச்சுத் தேடுறாங்க."

வந்தது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் சம்பவ இடத்தில் தகடும் இல்லை, அவரை அடித்த ஆயுதமும் இல்லை என்பது வந்தனாவுக்குத் தெரியும்.

கூரைத் தகரத்துக்கும் கம்புக்கும் நடுவே செருகியிருந்த பிளாஸ்டிக் குழாயை உருவிப் பைசான் அவளிடம் கொடுத்தான். உள்ளே சுருட்டிய காகிதம். உலை வெளிச்சத்தில் அவள் விரித்தாள்.

அறுவடை முடிந்த வயல். வலது ஓரத்தில், மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு ஆள், இடது கையில் ஆள் உயர அரிவாளைப் பிடித்துத் தோளில் சாய்த்தபடி நின்றான். இரண்டு பெண்கள் தலையில் கதிர்க் கட்டோடு இடது பக்கம் பார்த்துப் போனார்கள். முகங்கள் இருட்டிவிட்டிருந்தன. முதுகுகளில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. கீழே மூலையில் பொடி எழுத்தில் ஏதோ கிறுக்கல்.

இசக்கிராஜ் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"எம்மா! இம்புட்டு நீள அரிவாளா? இதத் தோள்ல போட்டுக்கிட்டு எங்க ஊர்ப் பக்கம் நடந்தா, அடுத்த முக்குல ஜாமீனுக்கு ஆள் தேடணும். கீழ என்னக்கா, எறும்பு மையில விழுந்து நடந்து போயிருக்கு?"

"வெளிச்சத்திலே பார்த்துக்கலாம். பைசான், இதை நான் எடுத்துண்டு போறேன். ராத்திரிக்குள்ளே வக்கீலோட வரேன். உள்ளே தாழ் போட்டுக்கோ. என் குரல் கேட்டாத்தான் திறக்கணும்."

மாரீஸ்வரன் கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே பினாயில் வாடை வந்தது. பொன்செல்வியும் அவள் தம்பி பேச்சிராஜாவும் உள்ளே இருந்தார்கள். பேச்சிராஜா செம்பூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ் வைத்திருப்பவன். கொலை நடந்த நாளிலிருந்து அக்காவைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறான். போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைந்ததும் அவன்தான், பாடைக்கு முன்னால் தோள் கொடுத்ததும் அவன்தான்.

பின்னறையை எத்தனை தடவை கழுவியும் போகவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த வெற்றுச் சட்டங்களின் மேல் ரத்தம் பொட்டுப் பொட்டாகக் காய்ந்திருந்தது. கண்ணாடிச் சில்லுகள் இன்னும் காலடியில் நொறுங்கின. நடுவில் அந்தப் பழைய உருளை இயந்திரம். அதைச் சுற்றுவதற்கான இரும்புக் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளை.

"கழட்டி எடுத்துத்தான் அடிச்சிருக்கான்" என்றான் பேச்சிராஜா. அவன் குரல் உடைந்தது. "அந்த நாய் கெடைச்சானா மேடம்?"

"தேடிண்டிருக்கோம். உங்களுக்கு அந்தச் செப்புத் தகடு பத்தி ஏதாவது தெரியுமா?"

"தகடா? தகடு கிகடெல்லாம் நான் கண்ணால பாத்ததே இல்ல. படத்த மட்டும் ஒருக்கா பாத்தேன். அத்தான்தான் கூப்ட்டுக் காட்டுனாரு."

"எங்கிட்ட காட்டவே இல்லையே" என்றாள் பொன்செல்வி. அவள் ஒரு சட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

"எப்படி இருந்தது படம்?" என்று வந்தனா பேச்சுவாக்கில் கேட்டாள்.

பேச்சிராஜா கண்ணை மூடி நினைவுபடுத்திக்கொண்டான். "அருமையான படம் மேடம். பொழுது அடையுத நேரம். இந்த இடது பக்கம் மரத்துக்குப் பின்னால சூரியன். ஒருத்தன் வலது கையில நீட்டு அரிவாளப் புடிச்சுத் தோள்ல போட்டிருப்பான். ரெண்டு பொம்பளையாளு கட்டு சொமந்துக்கிட்டு அந்தாக்ல வலது பக்கம் போவாவ. அதப் பாத்ததும் எனக்கு எங்க அம்மா நெனப்பு வந்துட்டு." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வந்தனாவுக்கு எங்கேயோ ஒரு முள் தைத்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

"தம்பி, கையில என்ன? வெந்துருக்கே?" என்று பேச்சிராஜா இசக்கிராஜின் முன்கையைப் பார்த்துப் பதறினான்.

"அதையேன் கேக்கிய அண்ணாச்சி. சோப்புச் சந்துல செம்பு உருக்குத கொட்டாய்ல ஒரு பய கம்பி எடுத்து வீசுனான். நான் உலையப் போய்க் கட்டிப் புடிச்சிட்டேன்..."

வந்தனாவின் செருப்பு அவன் பாதத்தில் ஏறியது. அவன் பாதிப் பேச்சை விழுங்கினான்.

"பாத்து இருங்க தம்பி" என்றான் பேச்சிராஜா. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "எக்கா, செம்பூர்ல ஒரு பார்ட்டிக்குப் பத்திரிகை டெலிவரி இருக்கு. நீ கடையப் பூட்டிட்டு டாக்ஸி புடிச்சு வீட்டுக்குப் போயிரு."

அவன் போன பிறகு வந்தனாவும் இசக்கிராஜும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். செம்பூரில் ஷ்ருதி என்ற ஓவிய ஆசிரியை இருந்தாள். பழைய அச்சுப் படங்களைப் பற்றி அவளிடம் விசாரிப்பதாகத் திட்டம்.

சயான் சிக்னலில் வண்டிகள் உறைந்து நின்றன. பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் ஓலமிட்டது. இசக்கிராஜ் கண்ணாடியில் பார்த்தான்.

"எக்கா, இந்த ஆம்புலன்ஸ்காரனுக்கு மட்டும்தான் முன்னால போறவன் மேல அக்கறை. எழுத்த வலம் இடமாத் திருப்பி எழுதிருக்கான், கண்ணாடியில பாத்தா நேரா தெரியுது. நம்ம எறும்பு ஓவியனும் இவங்கிட்ட வேலை பாத்தவனா இருக்கும்."

வந்தனா பிளாஸ்டிக் குழாயைத் திறந்து காகிதத்தை உருவினாள். ஸ்கூட்டர் கண்ணாடிக்கு எதிரே பிடித்தாள்.

மூலையில் இருந்த கிறுக்கல் கண்ணாடியில் ஒரு பெயராகவும் வருடமாகவும் நேரானது. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு. கூடவே, சூரியன் இடது பக்கம் போயிற்று. அறுவடைக்காரனின் அரிவாள் இடது கையிலிருந்து வலது கைக்கு மாறியது.

"இசக்கி, தகட்டிலே வரைஞ்சதை உருட்டி எடுத்தா காகிதத்திலே எப்படி விழும்?"

"மாறித்தான் விழும். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி." அவன் குரல் பாதியில் இறங்கியது. "எக்கா... பேச்சிராஜா அண்ணாச்சி வலது கைன்னாரு."

"காகிதத்திலே வலது கை கிடையாது. உலகத்திலேயே இது ஒரே ஒரு காகிதம். அவன் பார்த்தது தகட்டை. மை அப்பின தகட்டை. கண்ணாலயே பார்த்ததில்லேன்னு அடிச்சுச் சொன்னானே, அதை."

"நம்ம ஆளு ஒருத்தன் வரான்னு மாரி அண்ணாச்சி சொன்னது..."

"மச்சினன். ஷட்டரைப் பாதி திறந்து வெச்சுக் காத்திண்டிருந்தது அவனுக்காக." வந்தனா போனை எடுத்துப் பொன்செல்வியை அழைத்தாள். "உங்க தம்பி எந்தப் பார்ட்டிக்குப் பத்திரிகை கொடுக்கப் போனார்?"

"தெரியலையே. நானும் அதத்தான் நெனச்சேன். ரெண்டு நாளா பிரஸ்ஸ தொறக்கவே இல்ல. ஏன் மேடம்?"

இசக்கிராஜின் முகம் வெளுத்திருந்தது.

"சோப்புச் சந்துன்னு சொல்லிட்டேனேக்கா" என்றான். "நானே சொல்லிட்டேனே."

"திருப்பு வண்டியை!"

போனின் மறுமுனையில் பொன்செல்வி இன்னும் இருந்தாள். "மேடம்? சோப்புச் சந்துல என்ன?"

கொட்டகைக் கதவின் தாழ்ப்பாள் பிய்ந்து தொங்கியது.

உள்ளே பைசான் உலைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தான். அவன் கைகள் செப்புக் கம்பியால் பின்னால் கட்டப்பட்டிருந்தன. கம்பி தோலை அறுத்து ரத்தம் வழிந்தது. பேச்சிராஜா அவன் தலைமயிரைப் பிடித்து முகத்தை உலை வாய்க்கு நேராக அழுத்திக்கொண்டிருந்தான். புருவம் கருகிவிட்டிருந்தது. பைசான் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு இல்லை.

தரையில், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி ஒரு இரும்புக் கைப்பிடி கிடந்தது. அதன் நுனியில் காய்ந்த கறை. பைசானின் பிணத்துக்குப் பக்கத்தில் வைப்பதற்காகக் கொண்டு வந்தது. செத்துப்போன குற்றவாளி, கையில் ஆயுதம். வழக்கு அத்தோடு முடிந்திருக்கும்.

இசக்கிராஜ் எதுவும் சொல்லாமல் பாய்ந்தான். இருவரும் பைசானைத் தாண்டி விழுந்து புரண்டார்கள். பேச்சிராஜா பெரிய உடம்புக்காரன். இசக்கிராஜின் வெந்த கையைத் தேடிப் பிடித்து நகத்தால் கீறினான். இசக்கிராஜ் அலறினான், ஆனால் பிடியை விடவில்லை. தலையால் முட்டினான். மூக்கு எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. யாருடைய மூக்கு என்று தெரியவில்லை.

வந்தனா முதலில் பைசானை உலையிலிருந்து இழுத்துத் தள்ளினாள். திரும்பியபோது பேச்சிராஜா அந்தக் கைப்பிடியை எடுத்துவிட்டிருந்தான். இசக்கிராஜின் மண்டைக்குக் குறி வைத்து ஓங்கினான். அவள் குறுக்கே புகுந்து, உருக்கிய செம்பை மொள்ளும் நீளக் கரண்டியால் தடுத்தாள். இரும்போடு இரும்பு மோதி அவள் கை தோள்வரை மரத்தது. இரண்டாவது அடியில் கரண்டி கையை விட்டுப் பறந்தது. மூன்றாவதுக்கு அவன் ஓங்கும்போது, கீழே கிடந்த இசக்கிராஜ் அவன் முழங்காலின் பின்புறத்தில் முழு பலத்தோடு உதைத்தான்.

பேச்சிராஜா சரிந்தான். அவன் நெஞ்சில் வந்தனாவின் முழங்கால் அழுந்தியது. கைப்பிடி தரையில் உருண்டு கதவு வரைக்கும் போய் நின்றது.

கதவில் பொன்செல்வி நின்றுகொண்டிருந்தாள். டாக்ஸியிலிருந்து இறங்கி ஓடி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. உடைந்த தாழையும், கட்டிப்போட்ட பைசானையும், தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு காலடியில் கிடந்த இரும்பைப் பார்த்தாள். அவளுக்கு அது என்னவென்று தெரியும். எத்தனையோ நாள் அந்தக் கைப்பிடிக்கு அவள் கையாலேயே எண்ணெய் போட்டிருக்கிறாள்.

"எக்கா" என்றான் பேச்சிராஜா, மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போக. "எக்கா, நான் சொல்லுதத கேளு. அந்தத் தகட்ட வச்சு எவ்வளவு படம் அடிச்சிருக்கலாம் தெரியுமா? ஆள் கூடப் பேசி முடிச்சிட்டேன். ஃபாரின் ஆளு. அத்தான் ஒத்துக்கிடவே இல்ல. எம் முன்னாலயே உளிய எடுத்துத் தகட்டு மேல வச்சாரு. நான் தடுக்கத்தான் போனேன். கைக்கு அதுதான் கெடைச்சுது. ஒரே ஒரு அடிதான்க்கா. சாவாருன்னு நெனக்கலக்கா..."

பொன்செல்வி குனிந்து கைப்பிடியை எடுத்தாள்.

"ஒரு அடியா?" என்றாள்.

"சத்தியமாக்கா."

"ஏல, ஆஸ்பத்திரியில கட்டிக் குடுத்த துணிய வெலக்கிப் பாத்தவ நானு. அவியளுக்கு மூஞ்சியே இல்லையேல. நெத்திக்குப் பொட்டு வைக்கேன்னு தடவுதேன், நெத்தியே இல்ல. ஒரு அடிக்கு அப்படியா ஆவும்?"

இரும்பு இறங்கியது. பேச்சிராஜாவின் வலது மணிக்கட்டில். காய்ந்த சுள்ளி ஒடிவது மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் அவனுடைய ஓலம். அவள் மறுபடி ஓங்கினாள். இந்தத் தடவை அவள் பார்வை அவன் தலையில் இருந்தது.

வந்தனா எழுந்து அவள் கையைப் பிடித்தாள்.

"போதும். இதுக்கு மேலே அடிச்சா என்னாலே உங்களைக் காப்பாத்த முடியாது."

"காப்பாத்தச் சொல்லலியே."

"இவன் கோர்ட்டிலே நின்னு சொல்லணும். தகட்டை எங்கே வெச்சிருக்கான், எப்படி அடிச்சான், எல்லாம். இவன் செத்துட்டா இந்தப் பையன் மேலேதான் பழி நிக்கும்."

பொன்செல்வி பைசானைப் பார்த்தாள். அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வந்தனா இரும்பைப் பிடுங்கவில்லை. அவளாகக் கொடுக்கும்வரை காத்திருந்து வாங்கிக்கொண்டாள்.

வழியில் வந்தனா போட்ட போனுக்கு அப்போதுதான் பலன் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு உள்ளே வந்தார். பேச்சிராஜாவின் கை தொங்குவதைப் பார்த்து, "யே கிஸ்னே கியா?" என்று இதைச் செய்தவர் யாரெனக் கேட்டார்.

"தடுக்கி விழுந்துட்டாரு சாப்" என்றான் இசக்கிராஜ், மூக்கைப் பொத்திக்கொண்டு. "இந்தக் கொட்டாய்ல தரை சரியில்ல. நானே ரெண்டு தடவ விழுந்தேன்."

"நாந்தான் அடிச்சேன்" என்றாள் பொன்செல்வி. "எழுதிக்கிடுங்க."

இன்ஸ்பெக்டர் அவளையும் வந்தனாவையும் பார்த்தார். எதுவும் எழுதாமல் பேச்சிராஜாவைத் தூக்கச் சொன்னார். தகடு செம்பூர் பிரஸ்ஸில், வீணான பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் இருப்பதாக அவன் வாசலைத் தாண்டும் முன்பே சொல்லிவிட்டான். "எக்கா, எக்கா" என்று சந்து முனைவரை கூப்பிட்டுக்கொண்டே போனான். பொன்செல்வி திரும்பவில்லை.

அவள் பைசான் பக்கம் வந்து உட்கார்ந்தாள். வந்தனா அதற்குள் கட்டை அவிழ்த்திருந்தாள். கம்பி அறுத்த இடங்களில் சதை பிளந்திருந்தது. பொன்செல்வி அவன் கையை எடுக்கக் கையை நீட்டியதும் பைசான் சட்டென்று முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒடுங்கினான்.

அவள் நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவனாகத் தன் கையைக் கொடுத்தான். அவள் சேலை முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மணிக்கட்டைச் சுற்றத் தொடங்கினாள்.

"நீ கெளம்பும்போது அவிய என்ன சொன்னாவ?" என்று கேட்டாள்.

பைசான் அவள் சுற்றும் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "டீ சொல்லியிருக்கேன், குடிச்சிட்டுப் போன்னாரு. நேரமாச்சுன்னு நான்தான் நிக்கல."

கொட்டகைக்கு வெளியே ஆட்கள் கூடிவிட்டிருந்தார்கள். யாரோ உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இசக்கிராஜ் போய் வாசலை மறைத்துக்கொண்டு நின்றான்.

பொன்செல்வி போட்டிருந்த முடிச்சு வழுக்கியது. அவள் அதை அவிழ்த்தாள். துணியைத் திரும்பவும் சுற்றி, இன்னும் இறுக்கமாகக் கட்டினாள்.